மாதம் கேட்காதீர்கள், மணி கேளுங்கள்: என் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள், வராமல் போனிலேயே விசாரிப்பவர்கள், வந்துவிட்டு "இவ்வளவுதானா" என்று முகத்தில் காட்டுகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே பதில்களைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. செடி வளர்த்து, பல செடிகளைச் சாகடித்து, அதில் கொஞ்சம் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

உங்கள் தோட்டம் எவ்வளவு பெரியது?

பெரியதெல்லாம் இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் மண் பாத்தி, அது போக நாற்பது தொட்டிகள். ஓட்டை வாளி, பெயின்ட் டப்பா எல்லாம் சேர்த்துத்தான் நாற்பது. ஒரு மூலையில் எலுமிச்சை, எதிர் மூலையில் பவழமல்லி, நடுவில் உட்கார ஒரு முக்காலி. தோட்டத்திலேயே முக்கியமான சாமான் அந்த முக்காலிதான். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எந்த மாதம் வந்தால் நிறையப் பூ பார்க்கலாம்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நான் பதிலுக்கு, "எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று கேட்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விருந்தாளிகள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் வருகிறார்கள். அந்த நேரத்தில் பவழமல்லி உதிர்ந்து, பெருக்கி அள்ளியும் ஆகியிருக்கும். அந்திமந்தாரை இன்னும் திறந்திருக்காது. மல்லிகை மொட்டாகவே இருக்கும். "என்ன, பூவே காணோமே" என்பார்கள். பூ இருந்தது, இனியும் இருக்கும், நீங்கள் வந்த நேரத்தில் இல்லை.

ஒரு நாளைச் சுற்றி வந்தால் இப்படி இருக்கும். விடியும்போது பவழமல்லி மரத்தடியில் வெள்ளைப் பூக்கள் ஆரஞ்சுக் காம்போடு கொட்டிக் கிடக்கும். பாதிக்கு மேல் குப்புற விழுந்து காம்பை மேலே நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றிரண்டு சிலந்தி வலையில் மாட்டித் தொங்கும். அந்த மரத்துக்கு லத்தீனில் வைத்த பெயருக்குச் 'சோக மரம்' என்று அர்த்தம், பகலில் அது இருக்கிற இருப்பைப் பார்த்தால் பொருத்தம்தான். வெயில் ஏற ஏறச் செம்பருத்தி முழுசாக விரியும், சாதாரணமாக ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு நாள்தான். பத்து மணி வாக்கில் மேசைரோஜா. பத்துமணிப்பூ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? ஆனால் அதற்கு மணியைவிட வெயில்தான் கணக்கு, மேகம் மூடினால் முகத்தையே காட்டாது. நாலு மணிக்கு மேல் அந்திமந்தாரை, இருட்டும்போது மல்லிகை, அப்புறம் ராத்திரி ஆட்கள்.

இதை வைத்து ஒரு கடிகாரமே சொல்லலாம் என்று ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-ல் எழுதினார். எந்தப் பூ எத்தனை மணிக்குத் திறக்கும், எது எப்போது மூடும் என்று உப்சாலாவில் கவனித்துப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து வேறு ஊரில் நட்டால் கடிகாரம் தப்பாக ஓடும், ஏனென்றால் கோடையில் அவருக்குச் சூரியன் உதிக்கிற நேரம் வேறு, நமக்கு வேறு. உங்கள் வாசலுக்கான கடிகாரத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரு பழைய நோட்டு, ஒரு வாரம், அது போதும்.

நிஷாகந்தி பூக்கிற அன்று என்னைக் கூப்பிடுவீர்களா?

கூப்பிடுவேன், ஆனால் அன்று சாயங்காலம்தான் கூப்பிடுவேன், முன்கூட்டியே தேதி சொல்ல முடியாது. மொட்டு முதலில் தட்டையான தண்டின் ஓரப் பள்ளத்தில் ஒரு சின்னக் கொக்கி மாதிரி கிளம்பும். தண்டைத்தான் எல்லோரும் இலை என்று நினைக்கிறார்கள், இது கள்ளி வகை. நாள் செல்லச் செல்ல மொட்டு கீழே தொங்கும், பிறகு ஒரு நாள் கழுத்தை வளைத்து மேலே பார்க்க ஆரம்பிக்கும். மொட்டு பருத்து, நுனி லேசாகத் தளர்ந்து, வெளிப்பக்க இளஞ்சிவப்பு நார்கள் பிரிந்து நின்றால் அன்று ராத்திரி என்று அர்த்தம்.

ஏழரை மணிக்கு விரல் நுழைகிற அளவு ஓட்டை தெரியும். எட்டரைக்குப் பாதி திறந்திருக்கும், உள்ளே மகரந்தக் காம்புகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும், நடுவில் சூலகத்தின் நுனி குட்டி நட்சத்திரம் போல நீட்டிக்கொண்டிருக்கும். இதழ் அசைவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியும், ஆனால் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு இதழ் இடம் மாறியிருக்கும். பத்து மணிக்கு மேல் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்து, வாசனை முன்னறை வரைக்கும் வந்துவிடும். விடிந்து பார்த்தால் கழுத்து முறிந்த மாதிரி தொங்கிக் கிடக்கும். மொத்தமே ஒரு ராத்திரிக் காரியம்.

இதைப் பிரம்மகமலம் என்றும் சொல்கிறார்கள். உண்மையான பிரம்மகமலம் இமயமலை உயரத்தில் வளர்கிற வேறு செடி. நம் வீட்டுத் தொட்டியில் இருப்பதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. பெயரில் என்ன, விரியும்போது யாரும் அதைப் பற்றி வாதாடுவதில்லை.

வெயில் காலத்தில் தோட்டம் காய்ந்துதானே கிடக்கும்?

காயும். ஆனால் காகிதப்பூவுக்கு அதுதான் கொண்டாட்டம். தண்ணீரும் தழைச்சத்து உரமும் தாராளமாகக் கொடுத்தால் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், கொஞ்சம் வாடவிட்டால் பூத்துத் தள்ளும். வண்ணமாகத் தெரிவது இதழே இல்லை, இலைதான். மூன்று வண்ண இலைகளுக்கு நடுவே தீக்குச்சி மாதிரி நிற்கிற மெல்லிய வெள்ளைக் குழல்கள்தான் பூ. கிட்டப் போய்ப் பாருங்கள், பத்து வருஷம் வளர்த்தவர்கள்கூட "அட" என்பார்கள்.

இதற்குப் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயரை வைத்துவிட்டார்கள். அவர் பயணம் 1766-ல் கிளம்பியது. அதில் செடி சேகரித்தவர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர், அவருக்கு உதவியாளாக ஆண் வேஷத்தில் போனவர் ஜான் பாரே என்ற பெண். உலகத்தைச் சுற்றி வந்த முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர்தான். பெட்டி சுமந்து காடு மேடு ஏறியவர் பெயரை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

மல்லிகைக்கும் வெயில் காலம்தான் பொற்காலம். குளிர் முடிகிற சமயத்தில் கவாத்து செய்துவிட்டால் வெயில் ஏறும்போது புதுத் தளிர் வரும், அந்தத் தளிர் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்ட மனசு வராமல் விட்டால் பழைய கொடியும் இலையுமாகவே நிற்கும்.

மழைக்காலத்தில் என்ன இருக்கிறது, சேறுதானே?

மழைக்காலத்தைத் தோட்டத்துக்கு லீவு என்று நினைப்பவர்களுக்காக நான் வருத்தப்படுகிறேன். முதல் மழைக்கு எழும்புகிற மண்வாசனை இருக்கிறதே, அதற்கே தனியாக முக்காலி போடலாம். 1964-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேர், தாமஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டினார்கள். வறண்ட காலத்தில் மண்ணிலும் கல்லிலும் படிந்த எண்ணெய்ப் பொருள்கள் ஒரு காரணம், மண்ணில் வாழ்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள் இன்னொரு காரணம்.

அந்த மழை பெய்து நாலைந்து நாளில் மழைலில்லி கிளம்பும். அதுவரை புல் மாதிரி இருந்த தொட்டி, காலையில் பார்த்தால் இளஞ்சிவப்பாக நிற்கும். வாளி வாளியாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன், எனக்கு அப்படிப் பூத்ததில்லை.

அப்புறம் செங்காந்தள். பல மாதம் மண்ணுக்கடியில் கிழங்காகத் தூங்கிவிட்டு மழைக்கு எழுந்திருக்கும், எங்கே நட்டோம் என்று நானே மறந்திருப்பேன். அதன் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, பக்கத்தில் எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு ஏறும். போன தடவை துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது, பூ முடிகிற வரை அந்தப் பக்கம் துணி காயப்போடவில்லை. பூ முதலில் பச்சை கலந்த மஞ்சளாக வரும், பிறகு கீழே மஞ்சளும் மேலே சிவப்புமாக ஆகும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று வயதுப் பூக்களையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், செடி முழுக்க விஷம், கிழங்கு ரொம்பவே. சின்னக் குழந்தைகள், நாய், பூனை இருக்கிற வீட்டில் யோசித்து நடுங்கள், கிழங்கைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்.

குழந்தைகள் வந்தால் நான் காட்டுவது காசித்தும்பை. பூவுக்காக இல்லை, காய்க்காக. நன்றாக முற்றிய காயை லேசாகத் தொட்டால் படக்கென்று வெடித்து, தோல் சுருண்டு, விதை நாலு பக்கமும் தெறிக்கும். ஒரு காயோடு நிறுத்திய குழந்தையை நான் பார்த்ததில்லை. பெரியவர்களும் நிறுத்துவதில்லை.

சாமந்தி இலையாகவே வளர்கிறது, பூக்கவில்லை. உரம் போதவில்லையா?

முதலில் ராத்திரி போய்ச் செடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு இந்தப் பாடம் இரண்டு வருஷம் எடுத்தது. ஒரே தாய்ச் செடியிலிருந்து ஒடித்து வைத்த இரண்டு தொட்டி, ஒன்று வாசல் விளக்குக்குக் கீழே, இன்னொன்று சுவருக்குப் பின்னால் இருட்டில். இருட்டில் நின்றது மொட்டாக மொட்டாக வைத்தது. விளக்கடியில் நின்றது ஆளுயரத்துக்கு வளர்ந்து சும்மா நின்றது. நானும் அதற்கே கூடுதலாக எரு வைத்துக்கொண்டிருந்தேன்.

சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீளமாக வேண்டும், இடையில் வெளிச்சம் படக்கூடாது. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு இருவரும் 1920-ல் வெளியிட்டார்கள். புகையிலைச் செடி ஒன்று கோடை முழுக்கப் பூக்காமல் உயர்ந்துகொண்டே போனதை விசாரிக்கப் போய்க் கண்டுபிடித்தது அது. பகலைவிட இருட்டின் நீளம்தான் உண்மையான கணக்கு என்று பிற்பாடு தெரிந்தது. இதே வேதனை சிவப்பு இலை காட்டுகிற பாயின்செட்டியாவுக்கும் உண்டு. தெருவிளக்கு நேராக அடிக்கிற இடம் என்றால், மொட்டு வைக்கிற வரை சாயங்காலத்திலிருந்து காலை வரை ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

குளிர் நாட்டில் இருக்கிறேன். டியூலிப் வைக்கலாமா?

குளிர் நாட்டில் இருந்தால் தாராளமாக. குளிர் தொடங்குகிறபோது கிழங்கை நட்டு மறந்துவிட வேண்டியதுதான். 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் அதற்குள் பூ சரியாக வளர்ந்து வெளியே வரும். வெப்ப நாட்டில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து ஏமாற்றலாம், பழத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கிற பூவைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டு ஒரு தடவை பூக்க வைத்த பிறகு அடுத்த வருஷமும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் அந்த ஆட்டத்துக்குப் போவதில்லை.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த பூ எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

அந்திமந்தாரை. சொன்னதும் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், ஏதோ ஆர்க்கிட் பெயர் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். இதை நான் நடவே இல்லை, அடுத்த வீட்டு விதை எப்படியோ உருண்டு வந்து சுவரோரம் முளைத்தது. விதை கறுப்பாக, சுருக்கம் விழுந்து, குட்டிக் கையெறிகுண்டு மாதிரி இருக்கும். ஒரே செடியில் மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, மஞ்சளில் ரோஸ் தெளித்தது ஒன்று. பாதி மஞ்சள் பாதி ரோஸ் என்று ஸ்கேல் வைத்துப் பிரித்த மாதிரியும் ஒன்று பூக்கும். நாளைக்கு என்ன வரும் என்று சொல்ல முடியாது. இதழ் என்று நாம் நினைப்பது இதழ் இல்லை, வண்ணம் ஏறிய புல்லிவட்டம், அதாவது மற்ற பூக்களில் இதழுக்கு அடியில் பச்சையாக இருக்கிற உறை. பச்சையாக, புல்லிவட்டம் மாதிரி கீழே தெரிவது வேறு இலைகள்.

இந்தச் சாதாரணச் செடிதான் மரபியலுக்குப் பெரிய வேலை செய்தது. பச்சையும் வெள்ளையும் கலந்த இலை உள்ள அந்திமந்தாரையை வைத்து, சில குணங்கள் தாய் வழியாக மட்டுமே பிள்ளைச் செடிக்குப் போகின்றன என்று ஜெர்மனியின் கார்ல் கொரென்ஸ் 1909-ல் காட்டினார். மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரி, விதை எந்தக் கிளையில் விளைந்ததோ அந்தக் கிளையைப் பொறுத்ததுதான் கன்றின் இலை நிறம்.

இரண்டாவது இடம் ரங்கூன் மல்லிக்கு. சாயங்காலம் வெள்ளையாகத் திறந்து ராத்திரி அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும். மறுநாள் ரோஸ், அதற்கடுத்த நாள் சிவப்பு. ஒரு கொத்தில் மூன்று நிறம், ஆனால் மூன்றும் ஒரே பூ, வயதுதான் வேறு.

பிடிக்காத பூ உண்டா?

சாயத் தண்ணீரில் வைத்து நீலமாக்கிய ரோஜா. வேறெதுவும் இல்லை. நீலம் வேண்டுமென்றால் சங்குப்பூ இருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவும் இருக்கிறது, மண் புளிப்பாக இருந்தால் மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி அதுவே நீலமாகும், சுண்ணாம்பு மண்ணில் ரோஸ் ஆகும். வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் அசையாது.

ரோஜா வாங்கி வந்தபோது பூத்தது, அப்புறம் பூக்கவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம்தான். வெயில் போதவில்லை, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அல்லது நீங்கள் வெட்டவில்லை. வாடிய பூவை உடனே எடுத்துவிட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கொஞ்சம் மேலே சாய்வாக வெட்டினால் ஆறு எட்டு வாரத்தில் அங்கிருந்து பூ வரும். மூன்றாவது, நீங்கள் வளர்ப்பது உங்கள் ரோஜாவையே இல்லை. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து ஒரு முரட்டுக் கிளை கிளம்பி, சத்தையெல்லாம் அதுவே எடுத்துக்கொண்டு மேலே இருப்பதைச் சாகடித்திருக்கும். அந்தக் கிளையைப் பார்த்ததும் அடியோடு பிய்த்துவிடுங்கள்.

எலுமிச்சையில் புழு. மருந்து அடிக்கட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். என் முக்காலி அந்த எலுமிச்சைக்கு எதிரேதான் கிடக்கிறது. முதலில் இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. அது எச்சம் இல்லை, புழு. பறவையை ஏமாற்றுகிற வேஷம். நாலு தடவை தோல் உரித்தபின் இலை நிறத்தில் கொழுகொழுவென்று ஆகிவிடும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கொம்பை நீட்டும், கூடவே ஒரு நெடி வரும். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, குச்சியில் நூலால் தன்னைத்தானே இடுப்பில் கட்டிக்கொண்டு கூடாகும். எட்டுப் பத்து நாளில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து, கசங்கிய இறக்கையைத் தொங்கவிட்டு, அது காய்கிற வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதற்காக எனக்குப் பத்து இருபது இலை போனால் பரவாயில்லை. செடி சின்னக் கன்று என்றால் மட்டும் புழுவைப் பெரிய செடிக்கு மாற்றிவிடுகிறேன்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் இந்தக் கருணையெல்லாம் கிடையாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விழவைத்து, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து சாயங்காலம் தெளிக்க வேண்டும். எறும்பையும் கவனியுங்கள், மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக அதைக் காவல் காப்பதே எறும்புதான்.

பார்க்க வேண்டிய பெரிய தோட்டங்கள் எவை?

நான் போனவை, போக ஆசைப்படுபவை இரண்டையும் கலந்து சொல்கிறேன். இங்கேயும் நேரம்தான் முக்கியம்.

நெதர்லாந்தின் கியூகென்ஹாஃப், வருஷத்தில் எட்டு வாரம் போலத்தான் திறந்திருக்கும், மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. அதற்காகச் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். ஒரே இடத்தில் அடுக்கடுக்காக நடுவதால் முதல் அடுக்கு முடியும்போது அடுத்தது எழும்புகிறது. தொட்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம், பின்னால் பூப்பது அடியில், முன்னால் பூப்பது மேலே.

பிரான்சின் ஜிவெர்னி, ஓவியர் மோனே 1883-ல் குடிபோய் 1926-ல் இறக்கிற வரை வாழ்ந்த வீடு. அல்லிக்குளத்துக்கான நிலத்தை 1893-ல் வாங்கினார். ஏப்ரலில் போய்விட்டு அல்லி எங்கே என்று தேடாதீர்கள், அது கோடையில்தான் பூக்கும்.

உதகமண்டலம் தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது, மே மாத மலர்க்காட்சிக்குக் கூட்டம் அள்ளும். பெங்களூர் லால்பாக் ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்தது, கண்ணாடி மாளிகை மலர்க்காட்சி ஜனவரியிலும் ஆகஸ்டிலும். இலங்கையின் பேராதனைப் பூங்கா 1821-லிருந்து இருக்கிறது, அங்கே ராட்சத மூங்கில் புதருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. என்னைப் போன்றவர்களுக்கு அதில் பிடித்த விஷயம், விடிகாலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலாகப் படுவது லண்டன் கியூ தோட்டத்தின் ஒரு தொட்டிச்செடி. தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரான்சிஸ் மாசன் என்ற செடி சேகரிப்பாளர் 1775-ல் கொண்டுவந்த ஒரு சைக்காட், பார்க்கப் பனை மாதிரி இருக்கிற பழங்காலச் செடி வகை. உலகத்திலேயே பழைய தொட்டிச்செடி என்கிறார்கள், இன்னும் உயிரோடு 'பனை வீடு' என்கிற கண்ணாடிக் கூடத்தில் சாய்ந்து நிற்கிறது. இந்த வகைக்குப் பூ கிடையாது, அதற்குப் பதில் கூம்புதான்; அங்கே வந்த பிறகு அது கூம்பு விட்டது ஒரே ஒரு தடவை, 1819-ல். "மூணு மாசமாச்சு, பூக்கலை" என்று யாராவது என்னிடம் வந்தால் இதைத்தான் சொல்வேன்.

ராட்சத அல்லி என்கிற விக்டோரியாவை வைத்திருக்கிற பூங்காவுக்குப் போனால் சாயங்காலம் வரை இருந்து பாருங்கள். முதல் ராத்திரி வெள்ளையாக, வாசனையோடு, உள்ளே வெதுவெதுப்பாகத் திறந்து வண்டைக் கூப்பிடும். விடியும்போது வண்டோடு சேர்த்து மூடிக்கொள்ளும். மறுநாள் சாயங்காலம் ரோஸ் நிறத்தில் திறந்து, மகரந்தம் பூசிய வண்டை வெளியே விடும், அது அடுத்த வெள்ளைப் பூவைத் தேடிப் போகும்.

பூங்காவுக்குப் போனால் எதைப் பார்ப்பது? ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது.

எல்லாவற்றையும் பார்க்கப் போனால் அலுக்கத்தான் செய்யும். திறக்கிற நேரத்துக்குப் போய், ஒரு பாத்தியைத் தேர்ந்தெடுத்து, எதிரே உட்காருங்கள். அரை மணி நேரத்தில் எந்தப் பூவுக்குத் தேனீ போகிறது, எந்தப் பூவைத் தொடாமல் தாண்டுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் பெயர்ப் பலகையைப் படியுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.

ஒரு முறை மலர்க்காட்சி முடிந்த மறுநாள் தெரியாமல் போய்விட்டேன். தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், தரை முழுக்கச் செவ்வந்தி இதழ். திரும்பிப் போயிருப்பேன், தொட்டி தூக்கிய ஒரு பெரியவர், "பின்னாடி வாங்க, அங்கதான் எல்லாம் இருக்கு" என்று நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார். ஒரே செடியைப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு விட்டு விதைத்திருந்தார்கள். முளை, நாற்று, மொட்டு என்று வரிசையாக நின்றன. காட்சி நாளில் மழை பெய்து ஒரு வரிசை கெட்டால் அடுத்த வரிசை தயார். அன்றிலிருந்து நானும் விதைப் பாக்கெட்டை ஒரே நாளில் கொட்டுவதில்லை.

அங்கேயிருந்து ஒரு குச்சி ஒடித்து வரலாமா?

கூடாது. யாரும் பார்க்கவில்லை என்றாலும். நாளைக்கு நூறு பேர் வருகிற இடத்தில் ஆளுக்கு ஒரு குச்சி என்றால் செடி என்ன ஆகும்? இன்னொரு நாட்டிலிருந்து மண்ணோடு கொண்டு வருவது சட்டப்படியே தப்பு, கூடவே நோயும் பூச்சியும் வரும். கீழே உதிர்ந்த விதையைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். என் வீட்டுக்கு வந்தால் குச்சி கேளுங்கள், நானே வெட்டித் தருகிறேன்.

ஊருக்குப் போனால் செடிகளை யார் பார்ப்பது?

ஒரு தடவை பத்து நாள் போனபோது தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். பாவம், பாசத்தில் காலையும் மாலையும் ஊற்றியிருக்கிறார். வந்து பார்த்தால் பாலைவன ரோஜா மூன்றும் அடித்தண்டு கொழகொழவென்று அழுகியிருந்தன. அவர்மேல் தப்பே இல்லை, "தண்ணி ஊத்துங்க" என்று மட்டும்தான் சொன்னேன், எதற்கு ஊற்றக்கூடாது என்று சொல்லவில்லை. இப்போது தொட்டிகளை நிழலில் நெருக்கமாகக் கூட்டி வைத்து, மண்மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றச் சொல்கிறேன். ஊற்றக்கூடாத தொட்டிகளில் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.

இப்போது என்ன பூத்திருக்கிறது?

இதை எழுதும்போது மணி நாலே கால். மேசைரோஜா மூடிவிட்டது. செம்பருத்தியில் இரண்டு பூ ஓரம் சுருள ஆரம்பித்திருக்கிறது. எலுமிச்சையில் ஒரு கூடு நிறம் மாறிக்கொண்டிருக்கிறது, உள்ளே இறக்கையின் கோடு தெரிகிறது, நாளைக் காலை வெளியே வந்துவிடும் என்று நினைக்கிறேன். சுவரோரம் அந்திமந்தாரை மொட்டுகள் குடை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, ஒன்று மட்டும் நுனி பிரிந்திருக்கிறது. மஞ்சளா ரோஸா என்று இன்னும் தெரியவில்லை. முக்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போடப் போகிறேன்.